கோமுகம் போகும் ஏற்பாடு

ஆகஸ்ட் 24, சனி

ஸ்கூல்ல டீச்சர் வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா மருமக மேகலா சொன்னா: "அத்தை, பிஷன் போன் பண்ணாரு."

பிஷன் சிங் இமயமலைக்காரன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மகன் மதியழகனையும் அவன் ஆபீஸ் கூட்டாளிகளையும் கங்கோத்ரிக்கு மேல பனிமலைக்குக் கூட்டிட்டுப் போன வழிகாட்டி. போனது ஆறு பேர், திரும்பினது அஞ்சு பேர். பனி வெடிப்புக்குள்ள மதி விழுந்துட்டான்னு வந்த அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்றானுக. ஒரே மாதிரி சொன்னாலே பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கானுகன்னு அர்த்தம். முப்பது வருஷம் கிராம செவிலியரா இருந்தவ நான். ஊசிக்குப் பயந்து ஒளியிற பிள்ளையில இருந்து மாசத்த மறைக்கிற மருமக வரைக்கும் எத்தன பொய்யப் பாத்திருக்கேன்.

என்ன சொன்னான்னு கேட்டேன். "இந்த வருஷம் அங்க பனி ரொம்ப உருகியிருக்காம்"னு மட்டும் சொல்லிட்டு டீ போடப் போனா. போனவ வரவே இல்ல. எட்டிப் பாத்தா பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, இவ சுவத்தப் பாத்துட்டு நிக்கிறா. அவ்வளவு பாலும் வீணு. நல்லா திட்டி விட்டேன்.

பனி உருகினா நல்லதுதானே. வழி தெறக்கும், வருவான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மேகலாவோட அம்மா தவமணி மதினி தேனியில இருந்து வந்து எறங்கினாக. கையில ஒரு சீப்பு பழம். காபி குடிச்சு முடிக்கல, ஆரம்பிச்சிட்டாக.

"மதினி, எங்க ஊருப் பக்கம் தேவாரத்துல ஒரு மாப்பிள்ளை எடம் வந்திருக்கு. சம்சாரம் பிரசவத்துல தவறிருச்சாம். தங்கமான பையன். இவளுக்கும் முப்பத்தொண்ணு ஆச்சு. இல்லாதவருக்காக இன்னும் எத்தன காலம் பூவும் பொட்டுமா..."

"இல்லாதவருன்னு யாரச் சொல்றீக? என் வீட்டுல ஒக்காந்து, என் காபியக் குடிச்சிட்டு, என் மகன இல்லாதவன்னு சொல்லுவீகளோ?"

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மேகலா நடுவுல வந்து நின்னா. "அம்மா, நானும் அத்தையும் கங்கோத்ரிக்குப் போறோம். அங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தப்புறம் எதுன்னாலும் பேசிக்கலாம்."

"அங்க அவரு இல்லேன்னா?"

"இல்லேன்னா நீ சொல்றபடி கேக்கறேன்."

நானும் சரின்னுட்டேன். மதி கெடைச்சா மேகலா என் மருமக, எங்கயும் போக மாட்டா. கெடைக்கலேன்னா தாலியக் கழட்டிட்டு அவுக அம்மா வீட்டுக்குப் போயிருவா. இதுதான் பேச்சு. எனக்கென்ன பயம்? தலையில அடிபட்டு, பேரு ஊரு மறந்து, ஏதாவது சாமியார் மடத்துல பாத்திரம் வெளக்கிக்கிட்டிருப்பான். வீட்டுல ஒரு டம்ளர் கழுவுனதில்ல அவன்.

ஆகஸ்ட் 28, புதன்

கோயிலுக்குப் போற மாதிரி பஸ் ஏறிப் போயிட முடியாதாம். பனி உருகிக் கங்கை பொறக்கற கோமுகம் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்காம். வனத்துறை அனுமதி வேணும், ஒரு நாளைக்கு இத்தன பேருதான்னு கணக்கு வச்சு விடுவாக, டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். கங்கோத்ரி வரைக்கும் ரோடு, அதுக்கு மேல நடைதான். தீபாவளி வந்தா கேட்டப் பூட்டிருவாக, அப்புறம் சித்திரை வைகாசிக்குத்தான். மேகலா போன்ல படம் காட்டினா. மலைக்கு மலை நடுவுல வெள்ளையா, அழுக்கா, பெரிசா கெடக்கு.

"இது பனி ஆறு அத்தை."

"ஆறுன்னா ஓட வேணாமா?"

"ஓடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. உள்ள விழுந்தத மெல்ல மெல்ல நகத்திக் கீழ கொண்டு வந்து விட்டுரும்"னு சொன்னவ, பட்டுனு வாய மூடிக்கிட்டா.

விழுந்ததுன்னா கல்லு, மரம், அந்த மாதிரி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பிரஷர் பாத்தேன். மேல நூத்தி எழுபத்தெட்டு. மெஷின் பழசு.

செப்டம்பர் 2, திங்கள்

குளிர் பழகறதுக்கும் கம்பளி வாங்கறதுக்கும் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டுலயே பொறந்து வளந்து, ஏதோ ஜென்ம விரோதி மாதிரி கொடைக்கானல் பக்கமே போகாதவ நான். பஸ்ஸு வளைவுல வளைவுல திரும்புறப்ப எனக்குத்தான் வாந்தி. மேகலா எலுமிச்சம்பழத்த மூக்குக்கிட்டப் பிடிச்சுக்கிட்டே வந்தா. வேற எவ செய்வா? அத ஒத்துக்கத்தான் வேணும்.

கடையில எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு எடுத்தோம். மதிக்கு ஒண்ணு நான் கேட்டேன். கடைக்காரன் "என்ன சைஸும்மா"ன்னு கேக்க, நான் மேகலாவப் பாத்தேன். அவ "எல்"னு சொல்லிட்டு வெளிய போயி ஏரியப் பாத்துட்டு நின்னா. கண்ணு செவந்திருந்துச்சு. காத்து ஜாஸ்தி.

அழுதிருக்க மாட்டா. இந்த ரெண்டு வருஷமா என் வீட்டுல ஒரு பொட்டுக் கண்ணீர் நான் விழ விட்டதில்ல. துக்கம் கேக்கன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டு வந்தவுகளை வாசப்படியிலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிச்சேன். உசுரோட இருக்கிற பிள்ளைக்கு வீட்டுல ஒப்பாரி வச்சா அது அவனுக்கு ஆகாது. மொத வாரம் இவ பாத்ரூமுக்குள்ள குழாயத் தெறந்து விட்டுட்டு அழுதா. கதவத் தட்டிச் சொல்லிட்டேன். அதோட நிறுத்திட்டா. நல்ல பிள்ள, சொன்னாக் கேட்டுக்கிடும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை சரியா வேகல.

மேகலா மாடியில அவுக அம்மாகிட்ட போன் பேசிக்கிட்டிருந்தா. நான் துணி எடுக்கப் போயிருந்தேன். சிவப்பு ஜாக்கெட்டுன்னு சொன்னா, பனி ஓரத்துலன்னு சொன்னா, நாங்க போற நேரத்துக்குக் கீழ எடுத்துட்டு வர ஆளு போவாங்கன்னு சொன்னா. "அத்தைகிட்ட எப்படிம்மா சொல்றது, அவங்க தாங்க மாட்டாங்க"ன்னா.

எனக்கு இப்பல்லாம் காது சரியாக் கேக்கறதில்ல. துணிய எடுத்துக்கிட்டு எறங்கி வந்துட்டேன். ஈரம் காயவே இல்ல, மறுபடி போயிக் காயப் போடணும்.

செப்டம்பர் 9, திங்கள்

சர்ட்டிபிகேட்டுக்கு டாக்டர்கிட்டப் போகணும். ரெண்டு நாளா மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டேன். ஊருக்கே மாத்திரை குடுத்தவளுக்கு இது தெரியாதா? டாக்டர் சின்னப் பையன். கையில பட்டிய சுத்தி, "நூத்தி முப்பது. பரவாயில்லையே சிஸ்டர்"னான். அவன் பொறந்தப்ப மொத தடுப்பூசி போட்டவ நான். அத ஞாபகப்படுத்தினேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டான்.

வெளிய வர்றப்ப கண்ணு லேசா இருட்டிச்சு. சாப்பிடாமப் போனது தப்பு.

செப்டம்பர் 14, சனி

மூட்டை கட்டறதுல சண்டை. ஆளுக்கு ஒரு பைதான், தூக்கறது கஷ்டம்னு பிஷன் சொல்லிட்டானாம். மேகலா என் பையக் கவுத்துப் போட்டா.

"அத்தை, நல்லெண்ணெய் எதுக்கு?"

"ரெண்டு வருஷம் எண்ணெய் காணாத தலை. வச்சுத் தேய்க்க வேணாமா?"

"இந்தச் சீயக்காய்?"

"எண்ணெய் வச்சா சீயக்காய் வேணாமா? என்னடி கேள்வி இது."

"வேட்டி? அவரு வேட்டியே கட்ட மாட்டாரே அத்தை. அதும் கோடி வேட்டி."

"அம்மா குடுத்தா கட்டுவான்."

அடியில ஒரு வெள்ளைத் துணியில முடிஞ்ச பச்சரிசி இருந்துச்சு. அவ கையில எடுத்துப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கஞ்சி வச்சுக் குடுக்கன்னு சொன்னேன். எல்லாத்தையும் மடிச்சு மடிச்சுப் பழையபடி உள்ள வச்சு, அவளோட ரெண்டு சுடிதாரையும் போர்வையையும் வெளிய எடுத்து வச்சுட்டா. எடை சரியாப் போச்சு.

செப்டம்பர் 18, புதன்

மதுரையில ரயில் ஏறியாச்சு. பெட்டி பூரா கக்கூஸ் நாத்தம்.

செப்டம்பர் 21, சனி

ஹரித்வார். டெல்லியில இருந்து வர்ற பஸ்ல மேகலா என் தோள்ல சாஞ்சு தூங்கினா. கல்யாணம் ஆகி வந்த புதுசுல இப்படித்தான் எங்க ஒக்காந்தாலும் தூங்குவா, மதி கேலி பண்ணுவான். தேவாரத்துப் பையன் எப்படிப்பட்டவனோ. இத ஏன் எழுதறேன்? அதான் மதி வரப்போறானே.

இங்க எங்க பாத்தாலும் தலைய மழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. பாக்கப் பிடிக்கல. ரூமுக்கு வந்துட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

உத்தரகாசி. இன்னிக்கு வனத்துறை ஆபீஸ். காலையில ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேன், இங்கயும் பிரஷர் பாப்பாங்கன்னு சொன்னதால. பாத்தாங்க. பாஸு.

பயலுக வரிசையில மலையேறுற பை, குச்சி, கூலிங் கிளாஸுன்னு சிரிச்சுக்கிட்டு நின்னானுக. மதியும் இப்படித்தான் நின்னிருப்பான். எங்க முறை வந்துச்சு. எதுக்காகப் போறீங்கன்னு அதிகாரி கேட்டாரு போல. மேகலா ஹிந்தியில மெதுவா ஏதோ சொன்னா. கல்யாணம் ஆன புதுசுல பூனாவுல இருந்தப்பக் கத்துக்கிட்ட ஹிந்தி. அந்த மனுசன் நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. என்னப் பாத்துக் கும்பிட்டாரு. பின்னாடி சிரிச்சுக்கிட்டிருந்த பயலுக எல்லாம் கப்சிப்.

என்னடி சொன்னேன்னு நான் கேக்கல. எனக்கு ஹிந்தி தெரியாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

இத அடுத்த நாள் காலையில எழுதறேன். நேத்துப் பேனா பிடிக்கிற நெலமையில இல்ல.

மலையச் சுத்திச் சுத்தி ஜீப்பு கங்கோத்ரிக்கு வந்துச்சு. எறங்கி நாலு எட்டு வச்சேன், அவ்வளவுதான் தெரியும். முழிச்சுப் பாத்தா மூக்குல ஆக்சிஜன், பக்கத்துல ஒரு டாக்டர், கால்மாட்டுல மேகலா. அவ கையில என் மாத்திரை அட்டை. காலியான குழி எல்லாத்தையும் வெரல் வச்சு எண்ணியிருக்கா.

"அத்தை, இது இந்த மாசக் கடைசி வரைக்கும் வரணும். எங்க போச்சு?"

"கீழ விழுந்திருக்கும்."

"பிரஷர எறக்க ரெண்டு ரெண்டாப் போட்டிருக்கீங்க. இங்க வந்து எறங்கறப்ப அது ஒரேயடியாக் கீழ போயிருச்சு. உங்களுக்குத் தெரியாததா? நீங்க நர்ஸு! என்ன நடு ரோட்டுல அநாதையா விட்டுட்டுப் போகப் பாத்தீங்களா?"

இவ கத்தி நான் கேட்டதே இல்ல. அந்த டாக்டரே ரெண்டு அடி தள்ளிப் போயிட்டாரு. எனக்குக் கோவம் வரணும், வரல. வெக்கமா இருந்துச்சு.

இதுக்கு மேல ஒரு அடி நான் ஏறக் கூடாதாம். டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. பிஷன் வந்து நின்னான். சின்னப் பையன், மதி வயசுதான். "மாஜி"ன்னு என் காலத் தொட்டுட்டு எந்திரிக்கவே இல்ல. நான் அவன ரெண்டு வருஷமா மனசுக்குள்ள வெட்டிப் பொளந்துக்கிட்டிருந்தேன். கை தானாப் போயி அவன் தலைமேல உக்காந்துச்சு.

செப்டம்பர் 25, புதன்

காலையில மேகலா கெளம்பினா. கோமுகத்துக்கு முன்னாடி இருக்கிற போஜ்பாசா வரைக்கும் பிஷனோட நடந்து போவா. மேல இருந்து எடுக்கற ஆளுக அங்க கொண்டாந்து வைப்பாங்களாம். அது யாருன்னு மேகலா பாத்துச் சொல்லணும்.

ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தா. நான் கட்டில்ல இருந்தபடியே என் பைய இழுத்துத் தெறந்தேன். கோடி வேட்டிய எடுத்து அவ மடியில வச்சேன். "சும்மா பிளாஸ்டிக்குல சுத்தித் தூக்கிட்டு வரப் போறாக. இத மேல போத்தி எடுத்துட்டு வரச் சொல்லு."

அவ தலை நிமிர்ந்து பாத்தா.

அரிசி முடிச்ச எடுத்தேன். எத்தன வீட்டுல நான் நின்னு சொல்லியிருக்கேன், இப்படிப் போடு, அப்படிப் போடுன்னு. "கையத் திருப்பிப் போடணும். மூணு தடவ. மொதல்ல என் பேரச் சொல்லிப் போடு, அப்புறம் நீ போடு."

"கஞ்சிக்குன்னு சொன்னீங்களே அத்தை."

"சொன்னேன்."

"கீழ கொண்டு வந்தப்புறம் நீங்களே போடலாமே."

"அதுவரைக்கும் எப்படித்தா பொறுக்கறது? ரெண்டு வருஷமா வாயில ஒண்ணும் படாமக் கெடக்கான்."

அவ முடிச்ச வாங்கி ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும். பால் பொங்கின அன்னிக்கே தெரியும்.

செப்டம்பர் 26, வியாழன்

மேல பனி பெய்யுதாம். ஒரு தகவலும் இல்ல. மாத்திரை ஒண்ணுதான் போட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

வந்துட்டாங்க. முன்னாடி மேகலா, பின்னாடி நாலு பேர் தூக்கிட்டு. மேல வேட்டி போத்தியிருந்துச்சு.

நான் மொகத்தப் பாத்தேன். மதிதான். பனி அவன அப்படியே வச்சிருந்துச்சு. தாடி கொஞ்சம் வளந்திருந்துச்சு, அது முன்னாடியே வளத்ததா என்னன்னு தெரியல.

மேகலா என் பக்கத்துல உக்காந்தா. மெதுவாச் சொன்னா: "என்ன விட ரெண்டு வயசு பெரியவரு. இப்ப எனக்கும் அவருக்கும் ஒரே வயசு அத்தை."

செப்டம்பர் 29, ஞாயிறு

உத்தரகாசியில ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் முடிச்சு இன்னிக்கு ஆத்தங்கரையில வச்சோம். எண்ணெய் வச்சேன், சீயக்காய் வச்சேன். பொம்பள கொள்ளி வைக்கலாமான்னு பூசாரி இழுத்தாரு. பெத்தவங்க வைக்கலாம்னு மேகலா ஒரே வார்த்தையில முடிச்சா. நான்தான் வச்சேன்.

அப்புறம் என்னால முடியல. அந்த ஊருச் சனம் பூரா பாக்க மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன். என் ராசா, என் அய்யான்னு தொண்டை கிழியக் கத்தினேன். பிஷன் ஒரு பாறைக்குப் பின்னாடி போயி அழுதான். மேகலா மட்டும் நட்டு வச்ச மாதிரி நின்னா. நான் அவளக் கட்டிப் பிடிச்சு, "அழுதுருத்தா, அழுதுரு"ன்னு உலுக்கினேன்.

"வரல அத்தை"ன்னா. "அழணும்னுதான் இருக்கு. எப்படின்னு மறந்துபோச்சு."

நான்தான் அவளுக்கு இத மறக்கடிச்சேன். பாத்ரூம் கதவத் தட்டினது இந்தக் கைதான்.

மத்தியானம் தவமணி மதினி போன் பண்ணி அழுதாக. அழுது முடிச்சுட்டு, பதினாறாம் நாள் தாலி வாங்கறதுக்கு யார் யாருக்குச் சொல்லி விடணும்னு கேட்டாக. எனக்குச் சுள்ளுனு ஏறிருச்சு. எங்க வீட்டுக்காரர் போனப்ப என்ன நடு வீட்டுல உக்கார வச்சு, தலை நெறையப் பூ வச்சு, கை நெறைய வளையல் போட்டு, ஊரே பாக்க ஒவ்வொண்ணா உருவினாக. உருவினவளுக மொகம் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு.

"அந்தக் கூத்து என் வீட்டுல நடக்காது மதினி. அது அவ கழுத்து. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கழட்டுவா, இல்ல போட்டுக்கிட்டே இருப்பா."

"அப்ப தேவாரத்து எடம்?"

"தை மாசம் வரச் சொல்லுங்க. மேகலா சரின்னு சொன்னா மட்டும். பேசினபடி அவள அனுப்பறேன், பேச்சு மாற மாட்டேன். ஆனா பையனப் பாக்க நானும் வருவேன். சுகர், பிரஷர் எல்லாம் பாத்துட்டுத்தான் விடுவேன்."

அந்தப் பக்கம் மதினி மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. மேகலா ஜன்னல் பக்கம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. ஒரு சொட்டு வரல.

அக்டோபர் 2, புதன்

ரயில். நேத்து டெல்லியில ஏறினோம். மேகலா சாப்பிடல, தூங்கல. கொடுத்தா தண்ணி குடிக்கிறா, அவ்வளவுதான். இப்படியே கல்லா இருந்துருவாளோன்னு பயம். மகனத்தான் பறிகொடுத்தேன், இவளையும் நானே கொன்னுட்டேனோன்னு இருக்கு.

காலையில நாக்பூர்ல எதிர் சீட்டுக்கு ஒரு அம்மா வந்தாக. திருச்சிப் பக்கம். மகன் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பறாகளாம். உக்காந்த கையோட புளியோதரைப் பொட்டலத்தப் பிரிச்சு எங்களுக்கு ரெண்டு உருண்டை எடுத்து வச்சாக. நல்ல மனுசி. வாய்தான் சும்மா இருக்காது. காசிக்கா போனீங்க, என்ன ஊரு, என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு மேகலா பக்கம் திரும்பினாக.

"மருமகளா? மொகமே வாடிக் கெடக்கே. வீட்டுக்காரரு என்ன பண்றாரும்மா?"

மேகலா என்னப் பாத்தா. பஸ்ல, கல்யாண வீட்டுல, ரேஷன் கடையில, யாரு இதக் கேட்டாலும் அவ என்னத்தான் பாப்பா. நான்தான் முந்திக்கிட்டுச் சொல்லுவேன், பூனாவுல வேலை, லீவு கெடைக்கல, அடுத்த மாசம் வர்றான்னு. பழக்கதோஷம், இன்னிக்கும் பூனான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

"என் மகன் செத்துப் போயிட்டாம்மா," அப்படின்னேன். "ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பத்தான் எடுத்து எரிச்சுட்டு வர்றோம்."

அந்தம்மா கையில இருந்த உருண்டை அப்படியே நின்னுச்சு. பக்கத்துல விக்கல் மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா மேகலாவுக்கு ஒதடு கோணுது, தோளு குலுங்குது. அடுத்து வந்துச்சு பாருங்க ஒரு அழுகை, பெட்டியே திரும்பிப் பாத்துச்சு. என் மடியில விழுந்து, "என்னங்க, என்னங்க"ன்னு அவனக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதா. என் சேலை பூரா நனைஞ்சு போச்சு.

அந்தம்மா பதறிப் போயி, "அழாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க, தண்ணி குடி"ன்னாக.

"பாத்தாப் பாக்கட்டும். அவ அழட்டும், நீங்க சாப்பிடுங்க."

அங்கிட்டு இங்கிட்டு இருந்து சனம் எந்திரிச்சு வந்துச்சு. தமிழு, தெலுங்கு, ஹிந்தி, எல்லாம்தான். என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்டாக. ஒருத்தரையும் நான் திருப்பி அனுப்பல. வந்தவுக எல்லார்கிட்டயும் சொன்னேன், என் மகன் செத்துப் போயிட்டான், இவ அவன் பொண்டாட்டி, அழறா, அழட்டும்னு. விஜயவாடா தாண்டியும் அழுதா. யாரும் அவள நிறுத்த நான் விடல.